செல்லாதவை ஏழு

தக்கலையில் ஒரு பள்ளிக்கூடம்,
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, எட்டாம் மேசை.
யாரோ அழிக்காமல் விட்டுப்போன முக்கோணத்துக்குக் கீழே
நாங்கள் பெட்டியைக் கவிழ்த்தோம்.

மஞ்சள் மாவட்டத்துக்கு, பச்சை ஒன்றியத்துக்கு,
இளஞ்சிவப்பு தலைவருக்கு.
நிறம் பிரித்தே பொழுது போயிற்று.
வெள்ளையைத் தொடும்போது இரவு ஒன்பதரை.
வார்டு உறுப்பினர். பனங்கோட்டுவிளை, ஐந்து.
பெண்கள் பொது.

ஓமனாவுக்கு ஸ்பேனர்.
பிரிசில்லாவுக்குப் பூட்டு சாவி.
கட்டில் சின்னத்தில் நின்றவள்
பதினொன்று என்று கேட்டதும்
டீ குடிக்கப் போனாள், திரும்பவில்லை.

கம்பி வலைக்கு அப்பால் புருஷன்மார் இரண்டு பேர்
ஒவ்வொரு தாளுக்கும் எக்கி எக்கிப் பார்த்தார்கள்.
வேட்பாளர்கள் பின்னால் ஒரே பெஞ்சில்.
நடுவே ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம்;
யார் வாங்கியது என்று தெரியவில்லை,
இரண்டு கைகளும் போய்வந்தன.

ஐம்பது ஐம்பதாகக் கட்டினோம்.
ரப்பர் விளையும் ஊரில் ரப்பர் பேண்டு தீர்ந்து
நூல் வாங்க ஆள் போயிற்று.
நூற்று நாற்பத்து மூன்று.
நூற்று நாற்பத்து மூன்று.
மறுபடி எண்ணச் சொன்னார்கள்.
எண்ணினோம். அதுவேதான்.

செல்லாதவை ஏழு:
இரண்டு படத்திலும் குத்தியது நான்கு,
வெறும் தாள் இரண்டு,
எழுத்து ஒன்று.

அந்த ஒன்று என் கையில்தான் விரிந்தது.
நீல பால்பாயிண்ட். முத்திரை இல்லை.
ஸ்பேனருக்கும் பூட்டுக்கும் இடைப்பட்ட கோட்டில் ஏறி
இடம் போதாமல் சரிந்து இறங்கியிருந்தது:
'சானல்கரை லைட்டு எரியல்ல.
எரியட்டு. பெறவு சொல்லுதேன்.'

'மொத வரி எங்க படத்துக்க பக்கத்திலயாக்கும் சார்.'
'முடிஞ்சது எங்களுக்க கட்டத்திலயாக்கும்.'
'லைட்டு மாட்ட ஸ்பேனர்தானே வேணும்?'
அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
புத்தகத்தைப் புரட்டினார், மூடினார்.
செல்லாது.

பெஞ்சிலிருந்து அப்போதுதான் அவர்கள் எழுந்து வந்தார்கள்.
தலையோடு தலை முட்ட வாசித்தார்கள்.
'எரியாது' என்றாள் ஓமனா.
'ரெண்டு வருசமாட்டு' என்றாள் பிரிசில்லா.
அன்று ஐந்தாம் வார்டு
ஒருமனதாகச் சொன்னது அவ்வளவே.

பிறகு குலுக்கல்.
அலுவலரின் டிபன் பாக்ஸ்தான் கிடைத்தது.
எடுத்த சீட்டில் எலுமிச்சைச் சாதத்து எண்ணெய் படர்ந்து
பெயர் மறுபக்கம் தெரிந்தது: பிரிசில்லா.
அவள் புருஷன் தன் கழுத்தில் மாலை போட்டுக்கொண்டான்.
சான்றிதழில் கையெழுத்து விழ ஒன்றேமுக்கால்.
கடைசி பஸ் எப்போதோ போயிருந்தது.
ஓமனாவும் பிரிசில்லாவும் ஒரே ஆட்டோவில் ஏறுவதை
மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
பேசினார்களா, தெரியாது.

ஏழு தாளையும் உறையிலிட்டு அரக்கு வைத்தேன்.
ஒரு சொட்டு விரலில் விழுந்து
பத்து நாள் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை.
வருகைப்பதிவேட்டில், வங்கி வரிசையில்,
பார்சல் மேல் எழுதிய விலாசத்தில்,
சரிந்து இறங்கும் எழுத்தைக் கண்டால்
ஒரு நிமிஷம் நிற்பேன்.

ஆடி மாதம், நல்ல மழை.
திங்கள்சந்தையிலிருந்து வந்த பஸ்
பனங்கோட்டுவிளை சானலை ஒட்டித் திரும்பியபோது
கரையில் ஒரு வெளிச்சம்.
தெருவிளக்கா, யாராவது பிடித்த டார்ச்சா,
கண்ணாடியைத் துடைப்பதற்குள் வளைவு வந்துவிட்டது.

விளக்கென்றே வைத்துக்கொண்டேன்.
இனி அவர் சொல்லலாம்.
ஐந்து வருஷம் கழித்து,
அதுவும் தேர்தல் வைத்தால்.