அறுநூற்று நாற்பது அடி

கதையில் ஊதியூரை எடுத்துவிட்டேன்.
சென்னியப்பன் என்ற பெயரைச் சுரண்டி
வேறு ஜில்லாப் பெயர் ஒன்றை ஒட்டினேன்.
போர்வெல்லை மட்டும் மாற்ற முடியவில்லை.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி
வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள்.
எனக்கு ஆயிரத்து நூறு அடி.
வெள்ளைப் புழுதி,
திருநீறு பூசிக்கொண்டு நின்றன என் தென்னைகள்.
அவனுக்கு அறுநூற்று நாற்பதிலேயே
கம்ப்ரசர் சத்தத்தை அமுக்கிக்கொண்டு
பனை உயரம் பீய்ச்சியது.
நின்றவர்களெல்லாம் நனைந்தார்கள்.
நானும் நனைந்தேன், சிரித்த முகத்தோடு.

பங்காளிக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர் உண்டு.
மாத்திரை கிடையாது.
எட்டாம் நாள், அமாவாசை இருட்டில்,
மோட்டார் இறக்காத அவன் குழாயின்
சாக்குக் கட்டை அவிழ்த்துவிட்டு
ஒரு கல்லோடு நின்றேன்.
கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது.
என் சூடு அதில் ஏறியிருந்தது.
உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து
முழங்கையைத் தொட்டது,
ஆள் தெரியாமல் தொடுகிற கன்றுக்குட்டி மாதிரி.

இவ்வளவும் எழுதினேன்.
போட்டானா இல்லையா என்பதை எழுதவில்லை.
அங்கே நிறுத்தியதுதான் நயம் என்றார் ஈரோட்டுப் பத்திரிகைக்காரர்.
நயமெல்லாம் இல்லை. கை ஓடவில்லை.

கோபியிலிருந்து ஒரு டீச்சர் எழுதினார்:
தண்ணீர் என்று நீங்கள் எழுதிய இடத்திலெல்லாம்
குழந்தை என்று வைத்துப் படித்தேன்.
அவ்வளவுதான் கடிதம்.
திருப்பூரில் செக்கிங் பார்க்கிற பையன் போனில் கேட்டான்,
"எங்க சூப்பர்வைசரெ உங்களுக்குத் தெரியுமுங்களா?"

ஆடிக்காற்று தகரத்தைத் தூக்குகிற ஒரு மத்தியானம்
சென்னியப்பன் வந்தான்.
கையில் சுருட்டிய பத்திரிகை.
டீயை ஆறவிட்டான். ஏடு கட்டியது.
"ஏப்பா, அது நாந்தானே?"

என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"உம்பட புள்ள மௌனிகா சத்தம்போட்டுப் படிக்கும் பாரு,
நா மடை திருப்பற மாதர
வேலியோரம் நின்னு கேட்டுட்டே இருப்பேன்.
எம்பட பையனுக்கு ரெண்டெழுத்துச் சேராது.
பன்னெண்டாவது பரிச்சைக்கு மொத நா ராத்திரி
உங்கூட்டு ப்யூஸப் புடுங்கலாம்னு
கம்பம் வரைக்கும் போயிட்டனப்பா.
கையும் வெச்சுட்டேன்.
உனக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
அது நீ இல்லை என்பதும்
தொண்டை வரை வந்தது.
வேலிக்கு அப்பால் அவன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
புடுங்கினாயா என்று நான் கேட்கவில்லை.
அன்றிரவு கரண்ட் போனதா,
நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்,
ஞாபகம் வரவில்லை.

எழுந்தான்.
மேசைமேல் என் தாள்கள் படபடத்தன.
மூன்று வருஷமாக அவற்றின் மேல்தான் இருக்கிறது
அந்தக் கல்.
எடுத்தான்.
உள்ளங்கையில் ஒருமுறை உருட்டினான்.
பத்திரிகையைத் தாள்களோடு சேர்த்து வைத்து
கல்லைத் திரும்பவும் மேலே வைத்தான்.

"காத்துக்குப் பறந்துரும்" என்றான்.