மூன்றாம் அறை: யாருமில்லை

ஓஸ்ட்ராவா. டிசம்பர் இருபத்திரண்டு.
விடிய இன்னும் இரண்டு மணி நேரம்.
எஃகு ஆலை தன் பக்கத்து வானத்தை மட்டும்
துருப்பிடித்த நிறத்தில் வைத்திருந்தது.
ஏழாவது மாடிப் படிக்கட்டில் ஒன்பது பேர்
மூச்சை மெல்லக் கீழிறக்கிக்கொண்டிருந்தோம்.

லிஃப்டை நம்பாதே என்பது பிரிவில் சொல்லித் தந்தது.
முழங்காலை நம்பாதே என்பது
நாற்பது வயதில் நானே தெரிந்துகொண்டது.

முன்னால் ராதிம், கேடயத்தோடு.
உள்ளங்கை அகலக் கண்ணாடிதான் அவன் உலகம்.
அவன் தோளில் என் இடக்கை
என் தோளில் ஹினெக்கின் கை.
பேச்சில்லை. தயார் என்றால் ஓர் அழுத்தம்,
கடைசி ஆளிடமிருந்து தோள் தோளாக
சரக்கு ரயில் பெட்டிகள் இடித்துக்கொள்வதுபோல
முன்னால் வந்து சேரும்.

கதவில் ஊசியிலை வளையம் தொங்கியது,
காய்ந்த ஆரஞ்சுச் சுளை கோத்தது.
இடிகட்டைக்காரன் போஹுஷ்
அதை ஆணியிலிருந்து கழற்றி
பக்கத்து வீட்டு மிதியடிமேல் வைத்தான்,
உதிராமல்.
பிறகு இடித்தான்.

போலீஸ் என்ற சொல் முடிவதற்குள்
கதவு முடிந்திருந்தது.

முதல் அறை ராதிமுக்கு
இரண்டாவது ஹினெக்குக்கு
மூன்றாவது எனக்கு.
இருட்டு. ஈரத்தின் வாடை.
உள்ளே ஏதோ புரண்டது.
விரல் தன் இடத்தைவிட்டு நகர்ந்தது.
எவ்வளவு தூரம் என்று கேட்டால்
ஒரு கோதுமை மணியின் நீளம்.
இன்னொரு மணி மிச்சமிருந்தது.

விளக்கை அடித்தேன்.
குளியல் தொட்டியில்
முழங்கை நீளக் கெண்டை ஒன்று
வாய் திறந்து, வாய் மூடி,
வாய் திறந்து.
அது இமைக்கவில்லை.
நானும்.

யாருமில்லை, என்று கத்தினேன்.

கம்பளத்தில் முகம் பதித்துக் கிடந்தவனுக்கு
இருபத்தாறு வயது, ஒரு காலில் மட்டும் காலுறை.
சமையல் மேசையில்
அவன் செய்துவைத்திருந்ததைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.
சந்தைத் திடலின் வரைபடம் இருந்தது.
பென்சில் வட்டம். பக்கத்தில்
இருபத்துமூன்று, மாலை ஆறு.
குளிர்பதனப் பெட்டிமேல் இன்னொரு தாள்,
மீன் கடை ரசீது,
அதன் கீழே அவன் கையெழுத்து:
இருபத்துநாலு, அம்மா, உருளைக்கிழங்கு.

இரண்டு தேதிக்கும் நடுவே
எந்தக் கதவின் வழியாக
நடந்துவருவதாக இருந்தான் அவன்?
நான் கதவுகளை மட்டும் அறிந்தவன்.
அந்தக் கதவைப் பார்த்ததில்லை.

கைவிலங்கு பூட்டியபோது ஒன்றே ஒன்று சொன்னான்.
தண்ணீர் மாற்றணும்.
ராதிம் என்னைப் பார்த்தான்.
நான் தொட்டியைப் பார்த்தேன்.

பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றுக்கும் எண் வைத்தார்கள்.
கம்பிச் சுருளுக்கு எண்
ஒற்றைக் காலுறைக்கு எண்
ரசீதுக்கும்.
கெண்டைக்கு வைக்கவில்லை.
அறிக்கையில் நான் எழுதியது:
சுட்ட தோட்டா, இல்லை.
காயம், இல்லை.
மூன்றாம் அறை, யாருமில்லை.
ஹினெக் ஒரு பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு
படியிறங்கிப் போனதாகச் சொன்னார்கள்.
ஆற்றுக்கா, சட்டிக்கா?
கேட்கவில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு
நான் சந்தைத் திடலில் நின்றேன்.
வேலையாக இல்லை. மகளுக்குக் கையுறை வாங்க.
சூடான பஞ்ச் ஒரு கோப்பை நூற்றிருபதாம்,
ஒருத்தி கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
பகல் கொள்ளை, மழை பெய்த பஞ்சு மாதிரி ருசி,
இதற்கா காசு.
நீளமாகத் திட்டினாள்.
இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்றிருந்தது.

மீன் வரிசை குட்டி குட்டியாக நகர்ந்தது.
நீலத் தொட்டிகள், ரப்பர் கவசம், மரச் சுத்தி.
முன்னால் நின்ற முதியவர் தோளில்
என் இடக்கை தானாகப் போய் உட்கார்ந்திருந்தது.
திரும்பிப் பார்த்தார்.
மன்னிக்கணும் என்றேன். எடுத்தேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

அடித்துத் தரவா, உயிரோடா?
வலையை உயர்த்திப் பிடித்துக் கேட்டான் கடைக்காரன்.
சொட்டச் சொட்ட.
பின்னால் வரிசை காத்திருந்தது.