பதினேழாம் கேள்வி

மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு றோட்டால்
நாற்பத்திரண்டு வீடு, பதினொரு கடை.
படிவம் ஒன்றுக்கு நூற்றியெண்பது ரூபா எனக்கு.

பதினாறு வரைக்கும் லேசு:
எத்தனை பேர், என்ன கூரை,
கிணற்றின் அடி எந்த மாதம் தெரியும்.
பதினேழில்தான் பேனை நிற்கும்.
‘குழாய்நீர் வந்தால் மாதம் எவ்வளவு செலுத்த விருப்பம்?’
விருப்பம் என்ற சொல்லை
கொழும்பில் யாரோ தேர்ந்திருக்கிறார்கள்.

வெல்டிங் கடைப் புவிராஜ் கண்ணாடியை உயர்த்தி
“கடன் டொலரிலோ ரூபாவிலோ?” என்றான்.
டொலர் என்றேன்.
“அப்ப நாங்கள் நித்திரை கொள்ள அது வளரும்”
என்றுவிட்டுப் பொறி பறக்கவிட்டான்.
பிறகு கூப்பிட்டு, எழுநூற்றைம்பது போடச் சொன்னான்.
பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகுதாம்.

அற்புதமலர் வீட்டில் ஆளில்லை.
கொடியில் ஈரத்துணி, அடுப்பில் புகை.
கோப்போடு வருகிறவள் கிழமைக்கடன்காரி என்று
பின்வேலியில் முதிரையடியில் குந்தியிருந்தாள்.
“தண்ணி விசயம் அக்கா!”
“தண்ணிக்கும் கடனோ?” என்றபடி எழும்பி வந்தாள்.

நாற்பது வருசக் கடன் அது.
முதல் பத்து வருசம் வட்டி மட்டும்.
முதற்காசு கட்டத் தொடங்கும் நாளில்
அவள் சட்டையைப் பிடித்து நின்ற எட்டு வயது
வாக்குப் போடும்.
கடைசித் தவணைக்குள்
குழாய் துருவேறி மாற்றியிருப்பார்கள்,
இன்னொரு கடனில்.

அவள் விரல் மடக்கினாள்.
பவுசர்த் தண்ணி அறுநூறு.
மனுசனின் சிறுநீரகத்துக்கு வவுனியா கிளினிக்,
மாதம் ரெண்டுதரம் பஸ்.
கூலி இல்லாத அந்த ரெண்டு நாள்.
வாய்க்கால் இல்லாமல் முத்தத்தில் நின்ற வெள்ளத்துக்கு
கடன்சொல்லிப் பறித்த கிரவல்.
“கூட்டிப் பாரும்.”
நாலாயிரத்துச் சொச்சம் வந்தது.
“குடுக்கிறதைத்தான் சொல்லலாம் பிள்ளை.
இனிக் குடுக்க என்ன மிஞ்சுமெண்டு
ஆருக்குத் தெரியும்?”

பெட்டிகள் ஆயிரத்தோடு முடிகின்றன.
அதற்குக் கீழே ஒன்றே ஒன்று: தெரியாது.
அதில் புள்ளடி போட்டேன்.
கணக்கை ஓரத்தில் எழுதினேன்.
ஓரத்தை இயந்திரம் வாசிக்காது.

பிரதேச சபையில் சராசரி எடுத்தோம்.
அறுநூற்றிப் பதின்மூன்று.
எண்ணூற்றி நாற்பது வந்தால்தான்
வங்கி திரும்பிப் பார்க்கும் என்றார் பொறியியலாளர்.
கெட்ட மனுசன் இல்லை.
சூரிய வெளிச்சத்தில் ஓடும் பம்பி,
ஊர்க்கழிவு கோரைக்குள்ளால் வடிந்து தெளிகிற குட்டை,
இரண்டையும் தானே கீறி
கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார்,
மடிப்பெல்லாம் கிழிந்து
மூன்றாம் முறை ஒட்டிய தாள்.
“தெரியாது எண்டவையைப்
பூச்சியமாப் போட்டிருக்கிறீர்.
விட்டிட்டுப் போடுமன்.”

பதினைந்து பேர்.
விட்டேன்.
எண்ணூற்றி ஐம்பத்தைந்து.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தார்.
வெளியே பவுசர் ஒன்று
சிந்திச் சிந்திப் போனது, புழுதியில் நீளக் கோடு.

ஐம்பத்துமூன்றாவது படிவம் என் வீடு.
ஆயிரத்தில் புள்ளடி போட்டிருந்தேன்,
வாற மாதமும் படிவங்கள் வரும் என்ற
கணக்கில்.