மூணாம் நம்பர் பனியன்

பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் கபடி என்றால்
எட்டு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவேன்.
சர்க்கரை மாத்திரைக்கு வருகிறவர்
காலையில் வரட்டும்.
ஒரு ராத்திரியில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது
என்று மருந்துக்கடைக்காரி சொல்லக் கூடாதுதான்.

பதினோரு வருடமாய் இந்த அணி.
பதினோரு வருடத்தில் கோப்பை இரண்டு.
அதில் ஒன்று, எதிரணி வேன்
தொப்பூர் கணவாயில் மாட்டிக்கொண்டதால் வந்தது.
எப்படி வந்தால் என்ன,
அன்றைக்கும் தொண்டை கட்டும்வரை கத்தினோம்.

அப்போதெல்லாம் சந்தைமேட்டில்தான் ஆட்டம்.
தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டால்
அது கேலரி.
குழல்விளக்கைச் சுற்றி ஈசல்,
ஈசலுக்குக் காத்திருக்கும் தவளை,
கோட்டைத் தாண்டிப் பாடிப் போகும் சென்றாயன்.
பேரிலேயே ‘சென்ற’ இருக்கிறது.
திரும்பி வருவதை அவனேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.
வந்துவிடுவான்,
முழங்காலில் மண்ணும் ரத்தமும் குழைந்திருக்க.

பிறகு தர்மபுரி ஸ்டேடியத்தில் மேட் விரித்தார்கள்.
புதுச்செருப்பு வாசனை அடிக்கும் நீல மேட்.
எனக்கு ஒரு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு நம்பர்.
பக்கத்து நாற்காலிக்காரன் யார் வீட்டுப் பிள்ளை என்று
கடைசிவரை தெரியவில்லை.
யாரும் யார் மேலும் சாய்ந்து கத்தவில்லை.

அந்த வருடம்தான்
ஒரு பையன் துண்டுச்சீட்டோடு வந்தான்.
ஊசியின் பேரைப் படித்தேன்.
யாருக்குப்பா?
மாட்டுக்கு அக்கா.
மாட்டுக்கு எதிர்க்கடை என்றேன்.
டாக்டர் சீட்டில்லாமல் தரமாட்டேன் என்றேன்.
அதோடு என் நேர்மை முடிந்தது.
அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தது யார் என்று
எனக்குத் தெரியும்,
முதுகில் மூன்று.

நாலு மாதத்தில் பனியன் கக்கத்தில் கிழிந்தது.
கழுத்து எங்கே போனதென்றே தெரியவில்லை.
அரையிறுதியில் நாலு பேர் மேலே விழுந்தும்
ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர் மாதிரி
அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான்.
நாற்காலிமேல் ஏறி நின்று விசிலடித்தேன்.
விசிலடித்த வாய்க்குள்தான்
அந்த மருந்தின் பேரும் இருந்தது.

ஒரு சின்ன டப்பாவில் பிடித்த சிறுநீர்
எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.
இரண்டு வருடத் தடை.
பேருந்து நிலைய பிளெக்ஸில்
அவன் முகத்தை மட்டும் பிளேடால் சதுரமாய் வெட்டி எடுத்தார்கள்.
அந்த ஓட்டை வழியே
பின்னாலிருந்த கட்டணக் கழிப்பறை தெரிந்தது.
கோப்பையைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தோம்.
கத்தினதை எந்த ஆபீசில் திருப்பிக் கொடுப்பது?

“ஊசி டீம்” என்கிறார்கள் காரிமங்கலத்தார்.
என் வீட்டுக்காரரும் சொல்கிறார்,
விட்டுத் தொலை மாதம்மா, டிவியில் பெங்களூரு டீமைப் பாரு.
நான் பதில் சொல்லவில்லை, சிரித்துக் காட்டினேன்.
எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பல்,
நடுவில் பழுப்புக் கோடு.
ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தபின் பிறந்த
என் மகளுக்கு வெள்ளைப் பல்.
என்னுடையது எந்தப் பேஸ்டுக்கும் போகாது.
விற்கிறவளே நான்தான், எனக்குத் தெரியாதா.

போன மாதம் சென்றாயனே வந்தான்.
வலி மாத்திரை ஒரு அட்டை.
நாங்கள் கத்தினதுக்காகவா போட்டுக்கொண்டாய்
என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
மூன்று ரூபாய் சில்லறை இல்லை, மிட்டாய் தரட்டுமா
என்று வந்தது.
தலையாட்டினான்.
வாசல் படியை மிதிக்காமல்
ஒரே எட்டில் தாண்டிப் போனான்.

நேற்று மறுபடியும் சந்தைமேட்டில் ஆட்டம்.
மூணாம் நம்பரில் பென்னாகரத்துப் பையன் ஒருத்தன்,
மீசை இன்னும் சரியாய் முளைக்கவில்லை.
பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினான்.
எல்லாரும் அவன் காலைப் பார்த்தார்கள்.
நான் கழுத்தைப் பார்த்தேன்.
மெல்லிசாகத்தான் இருந்தது.
அப்புறம்தான் கத்தினேன்.