முதல் நீர்

பேருந்து எங்களை இறக்கிவிட்ட இடத்தில்
புல்லுக்குக்கூட நேரம் வைத்திருந்தார்கள்:
நாலு மணிக்குத் தண்ணீர் பீய்ச்சும்.
மில்வாக்கியின் வடபக்கத்திலிருந்து நான்,
வாசாவிலிருந்து பா ஞியா,
மெனாமினிக் காட்டிலிருந்து
ஒரு தலையணையோடு மட்டும் வந்த ராய்ஸ்.
ஆறு வாரம், சாப்பாட்டோடு இலவசம்.
"நாளைய பொறியாளர்" என்று சட்டையில் அச்சு.
எல்லாருக்கும் ஒரே அளவு, மிகப் பெரியது.
வளர்ந்துவிடுவோம் என்று நம்பியிருக்கலாம்.

படிவத்தில் 'இனம்' என்ற கட்டத்தில் போட்ட குறிதான்
எங்களை இங்கே கொண்டுவந்தது.
எங்கள் பள்ளியில் வருடம் முழுக்க
இயற்பியலுக்கு ஆள் வராததற்கும்
ஏறக்குறைய அதே குறிதான் காரணம்.
இதை ராய்ஸ் சொன்னான், உருளைக்கிழங்கை மென்றபடி.
யாரும் சிரிக்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை.

இரண்டாம் வாரம் வீட்டுக்குப் போகிறவர்கள்
குழாய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டும்.
ஆறு மணி நேரம் யாரும் திறக்கக் கூடாது.
இரவெல்லாம் குழாயோடு தனியாக இருந்துவிட்டு
விடிந்ததும் முதலில் விழுகிற நீர்,
அதைத்தான் பிடிக்க வேண்டும்.
நான் சமையலறையில் காவல் படுத்தேன்.
ஏழு மாதத் தம்பி சைலஸ் பாலுக்கு அழுதபோதும்
"பொறு, இது விஞ்ஞானம்" என்றேன்.

கருவிக்குள் விரல் நீளத்தில் ஒரு சுடர்.
சூரியனின் தோலைவிடச் சூடு.
பனியாகத் தெறித்து நீர் அதில் நுழையும்,
ஒவ்வோர் உலோகமும் தன் எடையைச் சொல்லிவிட்டுப் போகும்.
பா ஞியாவுக்கு இரண்டு.
ராய்ஸின் கிணற்றில் ஒன்றுமே இல்லை.
அவன் கையைத் தூக்கிக் குதித்தான்,
என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான்.

முப்பத்தெட்டு.

நூறு கோடியில் முப்பத்தெட்டு.
கேட்டால் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும்.
பதினைந்தைத் தாண்டினாலே
நகரம் கவலைப்பட வேண்டுமாம்.
"புட்டியைச் சரியாகக் கழுவவில்லை" என்றேன்.
மறுபடி ஓட்டினோம். முப்பத்தேழு.
மறுபடி. முப்பத்தெட்டு.
பதினாறு வருடமாக எல்லாப் பரீட்சையிலும்
சரியாக இருக்க வேண்டும் என்றே வேண்டியவள்
அன்று தப்பாக இருக்க வேண்டினேன்.
புட்டி அமிலத்தில் கழுவியது.
மூடி இறுக்கம். தேதி, நேரம், என் கையெழுத்து.
ஒரு பிழை கிடைக்கவில்லை.

அம்மா முதியோர் இல்லத்தில் இடைவேளையில் இருந்தாள்.
சோடா இயந்திரத்தின் உறுமல் போனில் கேட்டது.
"கொதிக்க வைத்தால் போய்விடுமா?"
"தண்ணீர்தான் போகும், அம்மா. ஈயம் போகாது."
கொஞ்ச நேரம் உறுமல் மட்டும்.
பிறகு, எதையாவது கேட்டாக வேண்டுமே என்பதற்காக,
"இதற்கு மார்க் உண்டா?" என்றாள்.

கடைசி நாள் பணம் கொடுத்தவர்கள் வந்தார்கள்.
என் வரைபடத்தின் முன்னால் நிற்கவைத்து
"சிரி" என்றார் படமெடுப்பவர்.
சிரித்தேன்.
அதில் ஒரு கம்பம் மட்டும் உயரமாக நின்றது.
வீட்டு எண் எழுதவில்லை.
"இந்தக் கம்பம் எந்தப் பக்கம்?" என்று
ஒருவர் அக்கறையாகக் கேட்டார்.
கேட்ட கையோடு கேக் வந்துவிட்டது.

சட்டையைப் பா ஞியாவின் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.
பையில் இருந்த இடத்தில்
ஆய்வகக் கிடங்கில் கையெழுத்துப் போட்டு வாங்கிய
இருபத்து நான்கு காலிப் புட்டிகள்.

நேற்றிரவு கதவு கதவாகத் தட்டினேன்:
"நான் வரும்வரை குழாயைத் திறக்காதீர்கள்."
"கழிவறைகூடவா?"
"கழிவறைகூட."
திட்டிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது ஐந்தரை.
இருபத்தாறாம் தெருவில்
தண்ணீர் ஓடும் சத்தமே இல்லை.
காலிக் காபிப் பாத்திரத்தோடு
வாசலில் நிற்கிறார் திருமதி ஹாலோவெல்.
எதிர்வீட்டில் வேலைச் சீருடையில் ஒருவர்
பல் துலக்கியைப் பிடித்தபடி
மணிக்கட்டைப் பார்க்கிறார்.
"சீக்கிரம், பெண்ணே. எனக்கு ஆறு மணி ஷிஃப்ட்."

முதல் மூடியைத் திருகுகிறேன்.