பன்னிரண்டா, பதினாறா

வீஸ்பாடன். செவ்வாய்க்கிழமை காலை.
இருட்டறையில் நாங்கள் ஐந்துபேர்,
மடியில் தாள்.

திரையில் ஐஸ் ஹொக்கி.
முதல் பல் பறந்ததும் குறித்துக்கொண்டேன்: நிமிடம் நான்கு.
மூன்றாவது, நடுவரின் விசிலுக்குள் போய்ச் சிக்கி
விசில் கிலுகிலுத்தது.
ப்ரூக்மான் இருமினார். அது இருமல் இல்லை.
நானும் சிரித்தேன்.
ஏழாவது பல்லுக்குப் பிறகு என் தாள் வெள்ளை.

விளக்குப் போட்டதும்
எல்லோரும் பெரியவர்களானோம்.
"தக்காளிச் சோஸ்தானே, பன்னிரண்டு போதும்."
"அடிபட்டவனெல்லாம் எழும்பி ஓடுகிறான்,
பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்," என்றாள் யூட்டா.

பிறகு என்னைப் பார்த்தார்கள்.

போன சனி, மைன்ஸ் பனித்திடலில்
துவாரகனின் முன்பல் போனது.
வாயைப் பொத்திக்கொண்டு அவன் முதலில் தேடியது
பல்லை அல்ல.
கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்கள் முகங்களை,
யாரும் சிரிக்கிறோமா என்று.

பதினாறுக்குக் கை தூக்கினேன்.
யூட்டாவும் நானும். மற்ற மூவரும் பன்னிரண்டு.

இரவு, பாணை ஓரப்பல்லால் கடித்தபடி கேட்டான்:
"இண்டைக்குப் படம் எப்பிடியம்மா?"
"பகிடிதான்," என்றேன்.
வரும் மாதம் அவனுக்குப்
பன்னிரண்டு.