டேங்க் மூடி

கானாடுகாத்தான் ஹோட்டலின் பின்கட்டில்
விறகு அடுக்குக்கும் உடைந்த குளியல் தொட்டிக்கும் நடுவே
பதினோரு வருஷம் கிடந்தது.
கோல்ஃப் வண்டி. பெட்ரோலில் ஓடுவது.
ஈப்போவிலிருந்து கப்பலில் வந்ததாம்,
வந்த வருஷமே படுத்துக்கொண்டதாம்.
கோல்ஃபை நான் டிவியில்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

'பேசாமல் பேட்டரி மோட்டார் வை' என்றார்கள்
சும்மா நின்றவர்கள் எல்லோரும்.
மேனேஜர் சிகப்பி மட்டும்
'ஓடினால் காசு, மீரான்.
ஓடாவிட்டால் டீ' என்றாள்.

சீட்டைத் தூக்கினேன்.
எலி தின்றது போக மிச்சமிருந்த வயர்களில்
சிவப்பு இல்லை, கறுப்பு இல்லை,
எல்லாம் ஒரே செம்மண்.
எது எங்கே போகிறது என்று
விரலால் விசாரித்துக்கொண்டே போனேன்.
பெடலை மிதித்தால்
சொலினாய்டு 'டிக்' என்றது.
அவ்வளவுதான். நாக்கு இருக்கிறது, பேச்சு வரவில்லை.
எர்த் போல்ட்டைச் சுரண்டிச் சுரண்டி
உலோகத்தின் வெள்ளையைக் காட்டியதும்
ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றி
யோசித்து
மீதியையும் சுற்றியது.

கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் இல்லை,
பெட்ரோல் செத்த பிசின்.
பிரேக் கேபிளில் ஒரு இழை பிரித்து
ஜெட்டின் கண்ணைத் திறந்தேன்.
பெல்ட்டுக்குச் செக்காலை ரோட்டில் நாலு கடை.
வண்டியின் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள்,
அளவைச் சொன்னதும் நிறுத்தினார்கள்.
கதிர் அறுக்கும் மிஷின் பெல்ட் ஒன்று பொருந்தியது.

புதன்கிழமை இன்ஜின் பிடித்தது.
காலை எடுத்ததும் அணைந்தது.
மிதித்தேன், பிடித்தது. எடுத்தேன், அணைந்தது.
ஒரு பகல் முழுக்க அதை நோய் என்று எண்ணி
வைத்தியம் பார்த்துவிட்டேன்.
சாயங்காலம்தான் புரிந்தது, அதன் பிறவியே அப்படி:
மிதித்தால் உயிர், விட்டால் உறக்கம்.

நிஜ நோய் வேறு.
ஊருணி வரை ஓடும்,
கரையேறும் இடத்தில் விக்கி
நின்றுபோகும்.
எட்டு நிமிஷம். கடிகாரம் வைத்தாற்போல்.
கால் மணி நேரம் வேப்ப நிழலில் விட்டால்
ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பும்,
வீடு சேரும் முன் மறுபடி விக்கும்.
காயில் மாற்றினேன். பிளக் மாற்றினேன்.
பம்பின் டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
தள்ளிக்கொண்டு திரும்பும்போதெல்லாம்
டியூஷன் பிள்ளைகள் எண்ணிக்கை சொன்னார்கள்:
ஆறு, ஏழு, எட்டு.

ஒன்பதாவது முறை
வேறு செய்ய எதுவும் மிச்சமில்லாததால்
டேங்க் மூடியைத் திருகினேன்.
உஸ்ஸ்ஸ்.
வெளியே வந்த சத்தம் இல்லை அது,
உள்ளே போன சத்தம்.

மூடியைத் திருப்பினேன்.
நடுவில் காற்று போக ஒரு துளை இருக்கவேண்டும்.
குளவி ஏதோ
செம்மண் குழைத்து அடைத்திருந்தது.
நான் வைத்த எந்தப் பற்றையும்விட நேர்த்தி.
டேங்க் நிறையப் பெட்ரோல்;
கொடுக்க மனசில்லாமல் இல்லை,
காற்று ஒரு வாய் உள்ளே வராமல்
ஒரு சொட்டு வெளியே விட முடியவில்லை.
நானோ அதன் வயிற்றை அறுத்து, தொண்டையைக் கீறி...
எட்டு நிமிஷம் பேசிவிட்டுச் சட்டென்று அடங்கிவிடும்
இரண்டு பேர் ஞாபகம் வந்தது.
பெயர் வேண்டாம்.

செல்போன் சிம் எடுக்கும் ஊசி
சட்டைப்பையில் இருந்தது.

சனிக்கிழமை முதல் சவாரி.
விருந்தாளி யாரும் ஏறவில்லை,
பதினாறு அறைகளின் அழுக்குப் போர்வைகள் ஏறின.
ஊருணிக் கரை ஏறினேன்,
எட்டு நிமிஷம் ஆனது, ஒன்பது ஆனது,
யாரும் எண்ணவில்லை.
ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
காலை எடுத்தேன்.
அத்தனை சத்தமும் ஒரேயடியாக அடங்க
தண்டவாளத்தின் மெல்லிய முனகல் கேட்டது,
ரயில் இன்னும் கண்ணில் படவில்லை.

கேபினிலிருந்து சேவுகன் எட்டிப் பார்த்தார்.
'என்ன மீரான், நின்னுபோச்சா?'
'இல்லண்ணே,
நிக்குது.'